எங்கள் அண்ணன் எந்தக் கணக்கில் இருக்கிறார்? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. 2024-இல் என் அண்ணன் 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம்தான் இதய நோய் ஏன் வருகிறது, அதை அரசாங்கங்கள் எப்படிக் கணக்குப் பார்க்கின்றன என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் மட்டும் மனசை விட்டு அகலவே இல்லை. என் அண்ணனின் சாவு உங்கள் பதிவேட்டில் ஒரு எண்ணாக ஏறியிருக்கும், ஆனால் அது எதனால் வந்தது, அதனால் அவர் வாழ்ந்திருக்க வேண்டிய எத்தனை ஆண்டுகள் போயின என்ற இரண்டும் எங்கேயும் ஏறவில்லை. அந்த இரண்டையும் எழுதுங்கள், எழுதியதை மாவட்ட வாரியாக மக்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அண்ணன் லாரி டிரைவர். மாரியம்மன் நோம்பிக்கு இரண்டு நாள் முன்னால்தான் நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். ராத்திரி இரண்டரை மணிக்கு நெஞ்சு கரிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். கேஸ் பிடித்திருக்கும் என்று அவரே சொன்னார், நாங்களும் அதையே நம்பினோம். அண்ணி ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தார், யாரோ சோடா வாங்கி வந்தார்கள், பனியனெல்லாம் நனைந்து ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வேர்த்தபோதும் மின்விசிறி இல்லாததால் வேர்க்கிறது என்றுதான் நினைத்தோம், அன்றைக்குக் கரண்டும் இல்லை. விடிந்ததும் பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்குப் போனார். வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள், இ.சி.ஜி. எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு மறுபடியும் வலி, இந்த முறை தாடை வரைக்கும். முதலில் போன ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, அட்டாக், எங்களிடம் வசதி இல்லை, பெரிய இடத்துக்குப் போங்கள் என்றார்கள். பெரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். வலி தொடங்கி எட்டே கால் மணி நேரம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டில்தான் இப்படி என்று அப்போது என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் படித்தால், 2008-இல் இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைப் பதிவு செய்து ஒரு ஆய்வு வெளியாகியிருக்கிறது. வலி தொடங்கி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஆன நேரத்தின் இடைநிலை 360 நிமிடம். ஆறு மணி நேரம்! கணக்குப் பிள்ளைகளுக்குப் புரியும், இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கும் மேலே. அதே ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் வசதியுள்ளவர்களில் 5.5 விழுக்காடு, ஏழைகளில் 8.2 விழுக்காடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் மரணக் காரணம் என்ற இடத்தில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதியிருந்தது. இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று அர்த்தம். இதயமும் மூச்சும் நிற்காமல் யார் செத்திருக்கிறார்கள்? பாம்பு கடித்தவருக்கும் நிற்கும், கிணற்றில் விழுந்தவருக்கும் நிற்கும், 95 வயதில் தூக்கத்தில் போகிற பாட்டிக்கும் நிற்கும். இது காரணமே இல்லை. இதை நானாகச் சொல்லவில்லை, மரணக் காரணச் சான்றிதழுக்கான படிவம் 4-லேயே, மரணத்தை உண்டாக்கிய நோயை எழுதுங்கள், உயிர் பிரிந்த விதத்தை எழுதாதீர்கள் என்று அச்சடித்திருக்கிறது. அந்தப் படிவம் நல்ல படிவம். உடனடிக் காரணம் ஒரு வரி, அதற்குக் கீழே அதை உண்டாக்கியது எது என்று ஒரு வரி, அதற்கும் கீழே இன்னொரு வரி, கடைசியில் மரணத்துக்குத் துணைபோன மற்ற நோய்களுக்குத் தனியாக ஓர் இடம். என் அண்ணனுக்கு மேலே மாரடைப்பு, அதன் கீழே இதயத் தமனி அடைப்பு, துணைபோனவையாக ரத்தக் கொதிப்பும் புகையிலையும் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே வரியில் ஓர் அர்த்தமற்ற சொல்லைப் போட்டு மூடிவிட்டார்கள்.

இறப்பைப் பதிவு செய்கிற படிவம் 2-ஐயும் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் இறந்தவருக்குப் புகைக்கும் பழக்கம் இருந்ததா, எத்தனை வருஷமாக, புகையிலை மென்றாரா, பாக்கு போட்டாரா, குடித்தாரா, எத்தனை வருஷமாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. 19 வயதில் கிளீனராகப் போன நாளிலிருந்து அண்ணன் பீடி பிடித்தார், 27 வருஷம். அதை எழுத உங்களிடம் ஒரு கட்டம் இருந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

2023-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். மருத்துவமனைகள் மரணக் காரணச் சான்றிதழைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், ஒரு பிரதியை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல திருத்தம்தான். ஆனால் சான்றிதழ் கிடைப்பது ஒன்று, அதில் சரியான காரணம் இருப்பது இன்னொன்று. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடுதான். அந்தச் சின்னப் பங்கிலும் என் அண்ணனுக்கு எழுதியது போல எழுதியவை எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியும் அவரோடு வேலை செய்தவர்களும் சென்னையில் 48,000 பெரியவர்களின் சாவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பி, என்ன வலி, எப்போது தொடங்கியது, வேர்த்ததா, மூச்சு வாங்கியதா, என்ன மருந்து சாப்பிட்டார் என்று உறவினர்களிடம் கேட்டு எழுதி, அதை மருத்துவர்களிடம் கொடுத்துக் காரணத்தைத் தீர்மானித்தார்கள். 25 முதல் 69 வயது வரை உள்ளவர்களில், காரணம் தெரியாதவை அல்லது தெளிவில்லாதவை என்று கிடந்த இறப்புகள் 54 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தன. வீட்டு வாசலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டதால் மட்டுமே இது நடந்தது. அப்புறம் சென்னையையும் விழுப்புரத்தையும் சேர்த்து 43,000 ஆண்களின் சாவை இதே மாதிரி ஆராய்ந்து, புகைப்பவர்கள் காசநோயிலும் இதய, ரத்தநாள நோய்களிலும் எவ்வளவு கூடுதலாகச் சாகிறார்கள் என்பதை 2003-இல் உலகத்துக்கே சொன்னார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் நம் மண்ணில் நடந்த வேலை இது. ஒரு ஆய்வாக முடிந்துபோனதை ஏன் துறையின் அன்றாட வேலையாக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

இப்போது ஆண்டுக் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் துறைக்கு வெளியே இந்த மடலைப் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் இதய நோயால் மூன்று பேர் போனார்கள். 84 வயது அம்மாயி ஒருவர், 62 வயதான, ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர், அப்புறம் அண்ணன். சாவை எண்ணினால் மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் கிறிஸ்டோபர் மர்ரி, ஆலன் லோபஸ் என்ற இரண்டு ஆய்வாளர்களும் அவர்களோடு இருந்தவர்களும் இதை மாற்றி யோசித்தார்கள். ஒரு வயதில் இறந்தவர், நல்ல சூழ்நிலையில் வாழ்ந்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருந்திருப்பார் என்று உலகம் முழுவதற்கும் ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு, அந்த ஆண்டுகளைக் கூட்டினார்கள். அது இழந்த ஆயுள் ஆண்டுகள். உயிரோடு இருந்தும் நோயோடு கழிகிற காலத்துக்கு, நோயின் கடுமைக்கு ஏற்றபடி பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எடை கொடுத்துப் பெருக்கினார்கள். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் டாலி என்று சுருக்கமாகச் சொல்லும் நோய்ச்சுமை அளவு. உலக வங்கியின் 1993-ஆம் ஆண்டு அறிக்கையில் அது முதன்முதலாகப் பெரிய அளவில் வெளிவந்தது.

அந்த மாதிரி ஓர் அட்டவணையை வைத்து எங்கள் தெருவைக் கணக்குப் போட்டேன். 84 வயது அம்மாயிக்கும் ஏழெட்டு ஆண்டுகள் உண்டு. இந்த இடத்தில் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வயதானவர்களின் உயிருக்கு இந்த அளவில் மதிப்பே இல்லை என்று பேசுகிறார்கள், அப்படி இல்லை, 84 வரை வந்தவருக்கு அங்கிருந்து எத்தனை ஆண்டு என்றுதான் அட்டவணை பார்க்கிறது. 62 வயதுக்காரருக்கு 25-க்கு மேல். அண்ணனுக்கு 40-க்கும் மேல். ஆக எங்கள் தெரு இழந்தது மூன்று உயிர் என்பதோடு கூட, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், அதில் பாதிக்கும் மேலே ஒரே வீட்டிலிருந்து போனது.

உலகக் கணக்கிலும் இதே கதைதான். 2019-க்கான மதிப்பீட்டில் இதயத் தமனி நோயால் இறந்தவர்கள் சுமார் 91 லட்சம் பேர், அந்த நோயின் மொத்தச் சுமை 18.2 கோடி ஆண்டுகள். வகுத்துப் பாருங்கள், ஒரு சாவுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு வருகிறது. வயதானவர்களுக்கு வருகிற நோய், வந்தால் வரட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த இருபதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த டாலி அளவுக்காக நான் வக்காலத்து வாங்குவது இதய நோயைப் பெரிதாகக் காட்டுவதற்காக இல்லை. 2016-க்கான மாநில வாரி நோய்ச்சுமைக் கணக்கின்படி இந்தியாவில் இதய, ரத்தநாள நோய்கள் மொத்தச் சாவில் 28.1 விழுக்காடு, மொத்தச் சுமையில் 14.1 விழுக்காடு. ஆண்டுகளாக எண்ணும்போது பங்கு குறைகிறது, ஏனென்றால் பிறந்த குழந்தையின் சாவு அதைவிட அதிக ஆண்டுகளைச் சுமக்கிறது. அது நியாயமும்தான். ஆனால் அப்படிக் குறைந்த பிறகும் இதயத் தமனி நோய்தான் அந்தக் கணக்கில் தனி நோய்களில் முதலிடம். இந்த நோய்கள் அதிகம் பரவியுள்ள மாநிலங்களாக அதில் சொல்லப்பட்டவை கேரளா, பஞ்சாப், நம் தமிழ்நாடு.

நோயோடு கழிகிற ஆண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. என் சித்தப்பா ஒரு அட்டாக்கில் பிழைத்தவர். இதயம் பலவீனமாகிவிட்டது. நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார், ராத்திரியில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவார். கடுமையான இதயச் செயலிழப்புக்கு 2013 உலக நோய்ச்சுமை மதிப்பீட்டில் கொடுத்திருக்கிற எடை 0.179. அதாவது வருஷத்தில் சுமார் 65 நாள் போனதாகக் கணக்கு. மீதி 300 நாள் அவர் நலமாக இருந்தார் என்று சொன்னால் சித்தி ஒத்துக்கொள்ள மாட்டார். சித்தி வேலையை விட்டது, பெண்ணின் படிப்பு நின்றது, இதெல்லாம் இந்த எடைக்குள் வராது, வரும்படி அதை அமைக்கவும் இல்லை. குறையுள்ள அளவுதான். ஆனாலும் சாவை மட்டும் எண்ணுகிற பதிவேட்டில் சித்தப்பா இருப்பதே தெரியாது, பிழைத்தவர் என்று ஆஸ்பத்திரியின் வெற்றிக் கணக்கில் மட்டும் இருப்பார். 65 நாளாவது எழுதியிருக்கிறதே என்றுதான் நான் அந்த அளவைப் பிடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, இது என் வகுப்பறையிலிருந்து. எங்கள் பள்ளியில் ஒரு பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. சின்ன வயதில் தொண்டைப் புண், அப்புறம் மூட்டு மூட்டாக வீக்கம், கடைசியில் இதய வால்வு கெட்டுப்போனது. வாதக் காய்ச்சலால் வருகிற இதய நோய். சாவுக் கணக்கில் இது மாரடைப்புக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் இது பள்ளிக்கூட வயதில் பிடித்து, கல்யாண வயதில், பிரசவ நேரத்தில் ஆளைக் கொல்லும் நோய். ஒரு சாவுக்கு எத்தனை ஆண்டு என்று பார்த்தால்தான் இதன் கொடுமை தெரியும். தொண்டைப் புண்ணுக்கு நேரத்தில் கொடுக்கும் விலை குறைந்த மருந்தும், மறக்காமல் போடும் ஊசியும் அந்த ஆண்டுகளைக் காப்பாற்றும். இதய நோய் என்றாலே ஸ்டென்ட், பைபாஸ் என்று மட்டும் பேசும்போது இந்தப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, காரணங்கள். அண்ணனின் காரியம் முடிந்த அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பீடிதான் என்றார் ஒருவர். பரோட்டாவும் சால்னாவும் என்றார் இன்னொருவர். டென்ஷன், தூக்கமின்மை, விதி, எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் இப்படித்தான் என்று ஒரு அத்தை. எல்லோரும் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடினார்கள். இதய நோய் அப்படி வேலை செய்வதில்லை. தமனியின் உள்சுவரில் கொழுப்பு படிவது இளம் வயதிலேயே தொடங்கி, இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் நடக்கிறது. ரத்தக் கொதிப்பு அந்தச் சுவரைப் புண்ணாக்குகிறது, சர்க்கரை அதைக் கெடுக்கிறது, புகை கெடுப்பதோடு ரத்தத்தைச் சீக்கிரம் உறையவும் வைக்கிறது. ஒருநாள் அந்தக் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் மூடுகிறது. அதற்கப்பால் இருக்கும் தசை மணிக்கு மணி செத்துக்கொண்டே போகிறது. எங்கள் வீட்டில் ஓமம் கொதித்துக்கொண்டிருந்தபோது நடந்தது அதுதான்.

இண்டர்ஹார்ட் என்று ஒரு பெரிய ஆய்வு, 52 நாடுகள், முதல் மாரடைப்பு வந்த பதினைந்தாயிரம் பேர், ஒப்பிட அதே அளவுக்கு ஆரோக்கியமானவர்கள். மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் நடந்து 2004-இல் வெளியானது. ரத்தக் கொழுப்பு, புகை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலுழைப்பு இல்லாமை, மதுப்பழக்கம் என்று ஒன்பதை மட்டும் பார்த்தார்கள். இந்த ஒன்பதும் சேர்ந்து மாரடைப்பு ஆபத்தில் ஆண்களுக்கு 90 விழுக்காட்டையும் பெண்களுக்கு 94 விழுக்காட்டையும் விளக்கிவிட்டன. தெற்காசியர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது முதல் மாரடைப்பின் இடைநிலை வயது 53, மற்ற நாட்டவருக்கு 59. நம் ரத்தமே அப்படி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த ஆய்வு வந்து சேர்ந்த முடிவு வேறு, இதே காரணங்கள் நம்மிடம் சின்ன வயதிலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன என்பதே அந்த ஆறு வருஷ வித்தியாசத்துக்குப் பெரும்பாலான விளக்கம். என் அத்தைக்கு இதைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. நீங்களாவது நம்ப வேண்டும்.

இதில் ஒரு கணக்கு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் கணக்கு டீச்சராக இருந்து பயனில்லை. ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் நூறைத் தாண்டிவிடும். தப்பு ஒன்றும் இல்லை. என் அண்ணனுக்கு பீடியும் இருந்தது, அளந்தே பார்க்காத ரத்தக் கொதிப்பும் இருந்தது. பீடி இல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம், கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் பிழைத்திருக்கலாம். ஒரே சாவு இரண்டு பக்கமும் எண்ணப்படும். இதிலிருந்து எனக்குக் கிடைத்த ஆறுதல், அல்லது கோபம், என்னவென்றால், எல்லாக் காரணத்தையும் ஒழித்தால்தான் ஆளைக் காப்பாற்ற முடியும் என்பதில்லை. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தாலே பல பேர் தப்பிப்பார்கள்.

எங்கள் அண்ணனுக்கு அந்தக் கண்ணி ரத்தக் கொதிப்பாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2020-இல் நீங்கள் எடுத்த, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை போன்ற தொற்றா நோய்களுக்கான ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பிலேயே தெரிந்துவிட்டது, தமிழ்நாட்டில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காடு, சர்க்கரையில் 10.8. நூறு பேரில் ஏழு பேர்! அதற்கப்புறம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வீடு வீடாக மாத்திரை வந்து சேர ஆரம்பித்தது. எங்கள் அம்மாவுக்கு அது வருகிறது, மாத்திரை கொண்டு வருகிற தன்னார்வலர் அக்கா அம்மாவுக்கு மகள் மாதிரி. அடுத்த கணக்கெடுப்பில் அந்த 7.3 என்பது 17-ஆகவும், 10.8 என்பது 16.7-ஆகவும் உயர்ந்திருக்கிறது. நான் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், ரத்தக் கொதிப்பில் இரண்டு மடங்குக்கு மேல் என்பது சின்ன வேலை இல்லை. ஆனால் மீதி 83 பேர் யார்? அந்த அக்கா வருகிற காலை நேரத்தில் வீட்டில் இருப்பது அம்மாவும் பாட்டியும்தான். அண்ணன் அந்த நேரத்தில் ஏதோ ஒரு சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

ஆண்டுக் கணக்கு உங்கள் கையில் இருந்தால் இது தானாகவே கண்ணில் பட்டிருக்கும் என்கிறேன். சாவை எண்ணினால் அறுபதைத் தாண்டியவர்கள் கூட்டமாகத் தெரிவார்கள். ஆண்டை எண்ணினால் நாற்பதுகளில் இருக்கும் லாரிக்காரர், விசைத்தறி ஓட்டுகிறவர், கோழிப்பண்ணையில் இருப்பவர், ராத்திரி ஷிப்ட் போகிறவர் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்குப் போவதில் பயனில்லை, லாரி புக்கிங் ஆபீஸுக்கும் டயர் கடைக்கும் தறிக்கூடத்துக்கும் போக வேண்டும். நாமக்கல்லில் வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை காட்டாமல் ரோட்டில் இறக்க முடியாது. பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா என்று பார்க்கிற அந்த நாளில், அதே வளாகத்தில், ஓட்டுகிறவரின் கையில் ஒரு பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்?

ஒரு முன்னுதாரணம் சொல்கிறேன். பின்லாந்தில் வட கரேலியா என்று ஒரு பகுதி. 1960-களின் கடைசியில் நடுத்தர வயது ஆண்கள் அங்கே மாரடைப்பில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அங்கிருந்த மக்களே அரசாங்கத்திடம் மனு கொடுத்தார்கள், 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரை வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் முக்கியமாகக் கண்ணை வைத்தது நடுத்தர வயதுக்காரர்கள் மீது. ஊர்ப் பெண்கள் சங்கங்களோடு சேர்ந்து சமையலை மாற்றினார்கள், வெண்ணெயைக் குறைத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொல்லி உணவு தயாரிப்பவர்களிடம் பேசினார்கள், புகையை விட வைத்தார்கள், ரத்தக் கொதிப்பைத் தேடிப் பிடித்தார்கள். சுமார் 35 ஆண்டுகளில் 35 முதல் 64 வயது வரை உள்ள ஆண்களின் இதயத் தமனி நோய்ச் சாவு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அங்கே மனு கொடுத்தார்கள், நான் மடல் எழுதுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாக முடிக்கிறேன். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், எங்கள் வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்தால் ஒரு வேளையிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும். டிரான்ஸ் கொழுப்பு எண்ணெயில் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் ரோட்டோரக் கடையில் அதை யார் அளக்கிறார்கள்? அண்ணன் மாதிரி ஆட்கள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சாப்பிடுவது அங்கேதான்.

'இதயம் காப்போம்' திட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023-இல் தொடங்கினீர்கள். நெஞ்சுவலி என்று வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு, மொத்தம் 14 மாத்திரையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற திட்டம். அதற்கு முன்பே, சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து மாரடைப்புக்கு வைத்தியம் பார்க்கும் முறையைத் தமிழ்நாட்டில் சோதித்து, ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2-ஆகக் குறைந்ததை 2017-இல் எழுதியிருக்கிறார்கள். வழி தெரியாதவர்கள் இல்லை நீங்கள். எங்கள் ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் நான்கு கிலோமீட்டர். அந்த 14 மாத்திரை அங்கே இருக்கிறது என்று அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் இருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. நான் உட்பட. நோம்பிக்கு மைக் கட்டியிருந்த அதே கம்பத்தில், நெஞ்சு கரித்து வேர்த்தால் வாயு என்று உட்காராதே, 108-ஐக் கூப்பிடு என்று ஒரு தட்டி தொங்கியிருந்தால் போதும்.

நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 30 முதல் 69 வயதுக்குள் நடக்கும் எந்த இறப்பிலும் இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று மட்டும் எழுதிய படிவத்தை ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புங்கள். பயிற்சி மருத்துவர்களுக்கு இந்தப் படிவத்தை நிரப்பக் கற்றுக்கொடுக்க ஓர் அரை நாள் ஒதுக்குங்கள், பாவம், நடுராத்திரியில் அழுகிற சொந்தக்காரர்களுக்கு நடுவே நின்று அதை எழுதுவது பெரும்பாலும் அவர்கள்தான். வீட்டில் நடக்கும் சாவுகளுக்கு, காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, கிராம சுகாதார செவிலியரோ வேறு பயிற்சி பெற்ற ஒருவரோ வந்து கேட்டு எழுதட்டும். செவிலியர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்று எனக்குத் தெரியும், அதற்குத் தனி ஆள் போடுங்கள் என்றே கேட்கிறேன். அப்புறம், வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இதய நோயால் இழந்த ஆண்டுகள் எத்தனை, அதில் புகையிலைக்கு எவ்வளவு, ரத்தக் கொதிப்புக்கு எவ்வளவு, சர்க்கரைக்கு எவ்வளவு என்று தமிழில் வெளியிடுங்கள். முதியவர்கள் அதிகமுள்ள மாவட்டத்தையும் இளையவர்கள் அதிகமுள்ள மாவட்டத்தையும் ஒப்பிடும்போது வயது வித்தியாசத்தைச் சமன்செய்து போடுங்கள், இல்லையென்றால் ஒப்பீடே தப்பாகிவிடும். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த அட்டவணையைப் புள்ளியியல் பாடத்தில் கொடுப்பேன், அவர்கள் வீட்டில் போய்ப் பேசுவார்கள்.

எங்கள் வீட்டுக்கு இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. ராத்திரி இரண்டரை மணியிலிருந்து என்ன நடந்தது என்று அண்ணிக்கு நிமிட நிமிடமாக ஞாபகம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடி என்று அவரோடு பத்து வருஷம் ஓடிய கிளீனர் தம்பிக்குத் தெரியும். நாக்பூரிலிருந்து திரும்பும் வழியிலேயே ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினார் என்பதையும் அந்தத் தம்பிதான் இப்போது சொல்கிறான். அந்த இ.சி.ஜி. காகிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் நாங்கள் மூன்று பேருமே வீட்டில் இருப்போம். படிவத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், எல்லாக் கட்டத்துக்கும் பதில் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை,
நாமக்கல் மாவட்டம்